இடது பக்கம் மட்டும்

கற்பூரம் கொண்டு வாருங்கள், உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்கிறேன். பெற்ற பெண் கோமளாவின் தலையில் அடித்துச் சொல்லச் சொன்னாலும் சரி. நான் சொல்லப்போவதில் ஒரு சொல், ஒரே ஒரு சொல் பொய்யாக இருந்தால் இந்த பிளாஸ்டிக் நாற்காலியிலேயே என் உயிர் போகட்டும். இதை உரக்கத்தான் சொல்லவேண்டும், அந்தக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருக்கிற டாக்டரம்மா காதில் விழவேண்டும், ஆனால் ஏற்கெனவே இரண்டு தடவை உரக்கச் சொல்லி, இரண்டு தடவையும் டோக்கன் கொடுக்கிற பெண் 'தாத்தா, சத்தம் போடாதீங்க' என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். ஆகையால் மனசுக்குள் கத்திக்கொண்டிருக்கிறேன். மனசுக்குள் கத்தினால் தொண்டை கட்டாது, அது ஒரு வசதி. உள்ளே இருப்பவள் என் பெண்டாட்டி பவுனம்மா. அறுபத்தாறு வயது. இடது மார்பில் ஒரு நரம்பு புடைத்து நிற்கிறது, கெட்ட நோயாக இருக்குமோ என்று படம் எடுக்கிறார்கள். என் கையில் இருப்பது அவளுடைய சுருக்குப் பை. கட்டிய நாளிலிருந்து அந்தப் பையை நான் தொட்டது கிடையாது, அது அவள் ரவிக்கைக்குள் இடது பக்கத்தில் வாழ்கிற ஜந்து, எனக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை இல்லை. இன்றைக்கு 'மேல எதுவும் இருக்கக் கூடாதும்மா' என்று உள்ளேயிருந்து சொன்னதும், தாலிச்சரட்டை மட்டும் கழற்ற மாட்டேன் என்று முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டு, பையை எடுத்துக் கோமளாவிடம் கொடுத்தாள். கோமளா என்னிடம் கொடுத்தாள். கையில் விழுந்தபோது கனத்தது. சில்லறையின் கனம் வேறு, இது வேறு. முப்பத்து நாலு வருஷம் ரயில்வே கேட்டில் வேலை பார்த்தவன் கைக்கு அந்தக் கனம் தெரியாமல் போகுமா. கயிற்றைத் தளர்த்திப் பார்த்தேன். மடித்த நோட்டு ஒன்று, ஒரு ஊக்கு, பாதிப் பாக்கு, அதற்கடியில் கல். தண்டவாளத்து ஜல்லியில் தெறித்த சில்லு, புளியங்கொட்டை மூன்றைச் சேர்த்துவைத்த அளவு, ஒரு பக்கம் கூர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் கொடுத்த கல். அதோடு சேர்த்து நான் கொடுத்த பொய். அதைத்தான் இவள் அந்த நரம்பு புடைத்திருக்கிற அதே இடத்தில் இத்தனை வருஷமாக வைத்து அழுத்திக்கொண்டிருந்திருக்கிறாள். டாக்டருக்கு இது தெரிந்தாகவேண்டும். சொல்லவேண்டியவன் நான். ஜோலார்பேட்டையிலிருந்து திருப்பத்தூர் வரைக்கும் ஒரு ஜீவனும் நம்பாதவனும் நான்தான்.

எதிர்ச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள். பார்க்கக் கூடாது என்று கண்ணைத் திருப்பினால் டிவி, டிவியில் சத்தமில்லாமல் நகைக்கடைக்காரன் வளையலைச் சுற்றிச் சுற்றிக் காட்டுகிறான், மறுபடி கண் படத்துக்கே போகிறது. பெண்ணின் மார்பைக் கோடாக வரைந்து கீழே வரிவரியாக எழுதியிருக்கிறார்கள். 'மார்பில் நரம்புகள் தெரிவது பெரும்பாலும் இயல்பானதே.' நல்ல வரி. அங்கேயே நிறுத்தியிருக்கலாம், எழுதுகிறவனுக்குக் கை நிற்பதில்லை, எனக்கு வாய் நிற்காதது மாதிரி. மெல்லிய தோல், வெளுத்த நிறம், கர்ப்ப காலம், பால் கொடுக்கும் காலம், உடம்பு இளைப்பது, வயசாவது. பவுனம்மா கருப்பு. உடம்பு இளைக்கவில்லை, கல்யாண வீட்டில் இரண்டு பந்தியில் உட்கார்ந்தவள். வயசு உண்டு. வயசு என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் வயசு இரண்டு பக்கமும்தானே ஆகும், இடது மார்புக்கு அறுபத்தாறும் வலது மார்புக்கு நாற்பதுமா ஆகும்? அடுத்த வரியில் அதைத்தான் எழுதியிருக்கிறான் படுபாவி: 'ஒரு பக்கத்தில் மட்டும், புதிதாக, திடீரென்று தெரிந்தால் மருத்துவரிடம் காட்டவும்.' அதோடு கட்டி, தோலில் குழி, ஆரஞ்சுப்பழத் தோல் மாதிரி சொரசொரப்பு, சிவப்பு, சூடு, காம்பு உள்ளே இழுப்பது, காம்பிலிருந்து ரத்தம், இதில் எது இருந்தாலும் தாமதிக்காதீர்கள். தாமதிக்காதீர்கள் என்பதற்கு மட்டும் சிவப்பு மை. எங்கள் வேலையிலும் சிவப்புக்கு அதே அர்த்தம்தான். ஒரு பக்கத்தில் மட்டும். கோமளா பிறந்து பால் குடித்த நாளில் பவுனுக்கு இரண்டு பக்கமும் பச்சைப் பச்சையாக ஓடும், கிளை பிரியும், சேரும், மறுபடி பிரியும். 'யார்டு மாதிரி இருக்குடி, இது சேலம் லைனு, இது பெங்களூர் லைனு' என்பேன். 'வெக்கங்கெட்ட மனுசா, கொழந்த குடிக்குது, அந்தாண்ட போ' என்பாள். அன்றைக்கு இரண்டு பக்கமும் வண்டி ஓடியது, யாருக்கும் பயம் இல்லை. இன்றைக்கு ஒரே ஒரு லைன், அதுவும் சிங்கிள் லைன், அதுவும் இடது பக்கம் மட்டும், எங்கே போகிறது, யார் வருகிறார்கள், ஒன்றும் தெரியாமல் கையில் கல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இருபத்து மூன்று நாள் ஆகிறது நான் அதைப் பார்த்து. கோமளாவுக்குத் தெரிந்தது போன ஞாயிற்றுக்கிழமை, ஆனால் நான் பார்த்தது இருபத்து மூன்று நாளுக்கு முன்னால். குளித்துவிட்டு வந்து கையைத் தூக்கி ஈரத்தலையைத் துண்டால் தட்டிக்கொண்டிருந்தாள். மார்பின் வெளி ஓரத்திலிருந்து கீழே விலா வரைக்கும் தோலுக்கு அடியில் ஒரு கம்பி. கையைத் தூக்கினால் விறைக்கிறது, பக்கத்தில் தோல் பள்ளமாகிறது, கையை இறக்கினால் தளர்ந்து மறைகிறது. எங்கள் கேட்டில் பழைய காலத்துச் சிக்னலுக்குத் தண்டவாளத்து ஓரமாக இப்படித்தான் ஒரு கம்பி ஓடும், கேபினில் எவனோ நெம்புகோலை இழுப்பான், இங்கே கம்பி விறைக்கும். கம்பி விறைத்தால் வண்டி வருகிறது. எழுந்து போய்க் கேட்டைச் சாத்தவேண்டும். முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு நாள் தவறவில்லை, காய்ச்சலோடு சாத்தியிருக்கிறேன், மாமியார் செத்த சேதி கையில் இருக்கும்போது சாத்தியிருக்கிறேன். என் வீட்டுக் கம்பி விறைத்தபோது என்ன செய்தேன்? சிரித்தேன். 'வாணியம்பாடியில ஒருத்திக்கு இப்படித்தான் நரம்பு பொடைச்சுது, அடுத்த வாரம் தோட்டத்துல பானை நெறயப் பொன்னு கெடச்சுது' என்றேன். அவள் துண்டை என் மேல் எறிந்தாள். 'சுளுக்குய்யா. கல்யாண வூட்ல அண்டா தூக்குனது.' அவளுடைய அக்கா பேத்தி கல்யாணம், தண்ணீர் அண்டாவைத் தூக்காதே என்று எல்லாரும் சொன்னார்கள், தூக்கினாள். சரி, சுளுக்கு என்றேன். என் வாழ்க்கையில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ பொய்யை நம்பவைக்கப் பாடுபட்டிருக்கிறேன், இந்தச் சுளுக்கு என்கிற பொய்யை அவள் ஒரே வார்த்தையில் சொல்ல, நான் எவ்வளவு சுலபமாக நம்பிவிட்டேன். இருபத்து மூன்று நாள். தாமதிக்காதீர்கள். சிவப்பு மை.

கல்லுக்கு வருகிறேன். வந்துதான் ஆகவேண்டும், அது உள்ளங்கையில் குத்திக்கொண்டே இருக்கிறது. பவுனுக்கு ஒரு தம்பி, சின்னராசு, நாற்பத்தெட்டு வயசு, சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை, மாரடைப்பு. அதற்குப் பிறகு இவளுக்குத் தூக்கம் போயிற்று. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு எண்ணுவாள். சோறு வடிக்கும்போது எண்ணுவாள், பஸ்ஸில் எண்ணுவாள். 'இது நின்னுடுமாய்யா?' என்பாள். இதயத்துக்குப் படம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னால் மனுஷனுக்கு நம்பிக்கை வருவதில்லை, ஏதோ இருக்கிறது, மறைக்கிறார்கள் என்றுதான் தோன்றும். நாற்பது நாள் இப்படி. கண்ணுக்குக் கீழே கரி பூசின மாதிரி ஆகிவிட்டாள். ஒரு நாள் டூட்டி முடிந்து வரும்போது தண்டவாளத்து ஓரத்திலிருந்து இந்தச் சில்லைப் பொறுக்கினேன், டீக்கடையில் டம்ளர் கழுவுகிற தண்ணீரில் கழுவினேன், வீட்டுக்கு வருகிற பத்து நிமிஷத்தில் கதை தயார். கூட்ஸ் வண்டி ஒன்று கேட்டருகே நின்றது, கடைசிப் பெட்டியிலிருந்து ஒரு சாமியார் இறங்கினார், தண்ணீர் கேட்டார், கொடுத்தேன், காசிக்கு அப்பால் ஒரு குகையில் நூற்றிருபது வருஷம் மூச்சு மாறாமல் உட்கார்ந்திருந்த ரிஷியின் நெஞ்சுக்குழியில் இருந்த கல் இது, இதை நெஞ்சோடு வைத்துக்கொள்கிறவர்களுக்குத் துடிப்பு நிற்காது என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பவுன் முழுசாகக் கேட்டாள். 'போய்யா, நீயும் உன் கரடியும்' என்றாள். கல்லை அலமாரியில் வைத்தாள். மறுநாள் கல் அங்கே இல்லை. குப்பையில் போட்டுவிட்டாள் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவள் தூங்கினாள், நாள் ஆக ஆகத் துக்கம் தணிகிறது என்று நினைத்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை, கதை கட்டுகிறவனுக்கு இவ்வளவு சின்னக் கதை புரியவில்லை பாருங்கள்.

கரடி என்று அவள் சொன்னது வேறு ஒன்று. ஏலகிரியிலிருந்து ஒரு கரடி இறங்கி வந்து, கேட் சாத்தியிருந்ததால் லாரிக்குப் பின்னால் வரிசையில் நின்று, கேட் திறந்ததும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடந்து போனது என்று நான் சொன்ன கதை. கரடி வந்தது நிஜம். வரிசையில் நின்றது மட்டும்தான் நான் சேர்த்தது. அதிலிருந்து எனக்குக் கரடி ஏழுமலை என்று பேர். ரேஷன் கடையில்கூட அப்படித்தான் கூப்பிடுகிறான். அந்தக் கரடிதான் இப்போது வழியில் நிற்கிறது. கால் மணி நேரத்துக்கு முன்னால் கோமளாவிடம் சொன்னேன், 'அம்மா, இந்தக் கல்லப் பத்தி டாக்டர்கிட்ட சொல்லணும்.' 'எந்தக் கல்லு நைனா?' 'உங்கம்மா பையில இருக்குது பாரு. ரிஷி கல்லு. ரிஷி இல்ல, ஜல்லி. நான்தான் ரிஷின்னு சொன்னேன், அவ இத நெஞ்சுலயே வெச்சுக்கினு இருந்திருக்கா, அதான் நரம்பு...' அவள் கண்ணை மூடிக்கொண்டாள். 'இங்கயுமா நைனா? அம்மாவுக்கு இன்னா ஏதுன்னு தெரியாம வயித்துல நெருப்பக் கட்டிக்கினு ஒக்காந்திருக்கேன், நீ ரிஷி, கல்லுன்னு ஆரம்பிக்கிற.' 'கதை இல்லம்மா, சத்தியமா...' 'கரடிக்கும்தான் சத்தியம் பண்ண.' எழுந்து டோக்கன் பெண்ணிடம் போனேன். 'பாப்பா, கல்லு விஷயமா டாக்டரம்மாவப் பாக்கணும்' என்றேன். அவள் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தை எடுக்காமல், 'கிட்னி கல்லுன்னா ரெண்டாவது மாடி தாத்தா' என்றாள். கிட்னி இல்லை, நெஞ்சில் என்றேன். 'நெஞ்சுல கல்லு வராது தாத்தா, உட்காருங்க.' வந்திருக்கிறதே, வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறதே, நான் வைத்ததே! அப்போதுதான் இரண்டு தடவை கத்தினேன். அப்போதுதான் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். எதிரில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் என்னைப் பார்த்து நகர்ந்து உட்கார்ந்தாள்.

படம் எடுக்க எவ்வளவு நேரம்? முதலில் ஒரு படம், பிறகு ஜெல் தடவி இன்னொரு படம் என்றார்கள். உள்ளே அவள் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அடி பட்டதா என்பார்கள், இல்லை என்பாள். இறுக்கமாக ஏதாவது என்பார்கள், ஒன்றுமில்லை என்பாள். கேட்கிறவர்களுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் ஒன்றுமில்லை சொல்கிற மனுஷி. காரணம் தெரியாமல் டாக்டர் ஊசி போட்டுச் சதை எடுக்கலாம், கத்தி வைக்கலாம், வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கலாம், எல்லாம் ஒரு ஜல்லிக்காக. அல்லது ஜல்லிக்காக இல்லாமலும் இருக்கலாம். அதுதான். நான் கல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவதே அதற்காகத்தானோ? கல்தான் காரணம் என்றால் வேறு காரணம் இல்லை என்று ஆகிவிடுமே. குற்றம் என்னுடையது என்றால் நோய் அவளுடையது இல்லை. என் மேல் எவ்வளவு பழி வேண்டுமானாலும் போடுங்கள், தாங்குகிறேன், எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன், அந்த இன்னொன்றை மட்டும் சொல்லாதீர்கள். பொய் சொல்ல எதிரில் ஒரு ஆள் வேண்டும். ஊர் சிரிக்கும், ஊரெல்லாம் ஆள் ஆகாது. முழுசாகக் கேட்டுவிட்டு 'போய்யா' என்று சொல்ல ஒரு ஆள். அந்தப் 'போய்யா' இல்லாத வீட்டில் நான் காலையில் எழுந்து என்ன சொல்வேன், யாரிடம் சொல்வேன், அடுப்பிடமா? தரையில் ஒரு மஞ்சள் கோடு. 'ஆண்கள் இதற்கு மேல் வரக் கூடாது.' சாத்திய கேட்டுக்கு அடியில் குனிந்து போகிறவர்களை முப்பத்து நாலு வருஷம் கெட்ட வார்த்தையில் திட்டியவன் நான். எழுந்தேன். கோமளா 'நைனா!' என்றாள். டோக்கன் பெண் 'தாத்தா!' என்றாள். தாண்டினேன்.

கதவு தானே திறந்தது, டாக்டரம்மா வெளியே வந்துகொண்டிருந்தார், நஸ்ரின் என்று சட்டையில் பேர், என் பெண் வயசு. 'ஐயா, இந்தப் பக்கம் வரக் கூடாது' என்றார். நான் ஒரே மூச்சில் சொன்னேன், கூட்ஸ் வண்டி இல்லை, சாமியார் இல்லை, ஜல்லி, நான் பொறுக்கினது, இடது பக்கம், பன்னிரண்டு வருஷம், அவள் சொல்ல மாட்டாள், நான் பொய்க்காரன்தான், இது மட்டும் பொய் இல்லை. கல்லை நீட்டினேன். அவர் வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். 'எந்த இடத்துல வெப்பாங்க?' என்றார். இந்தக் கட்டடத்துக்குள் நுழைந்ததிலிருந்து என்னை நம்பி ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. இடத்தைக் காட்டினேன். 'உள்ள வாங்க' என்றார். கோமளாவும் வந்தாள். பவுன் சேலையைப் போர்த்திக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், டாக்டர் கையில் கல்லைப் பார்த்ததும் என்னைப் பார்த்தாள். 'அங்க எதுவும் அழுத்தலன்னு சொன்னீங்களேம்மா?' 'கல்லு வெச்சிருந்தேன்னு எப்படிம்மா சொல்றது. நீங்க சிரிப்பீங்க.' டாக்டரம்மா சிரிக்கவில்லை, ஒவ்வொன்றாகக் கேட்டு அண்டாவையும் சுளுக்கையும் கல்யாணத்துக்குத் தைத்த புது ரவிக்கையையும் அவள் வாயிலிருந்து வரவழைத்தார். தோலுக்கு அடியில் இருக்கிற சின்ன ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கயிறு மாதிரி ஆகியிருக்கிறது, இரண்டு படத்திலும் கட்டி இல்லை, கெட்டது எதுவும் தெரியவில்லை என்றார். கோமளா அழ ஆரம்பித்தாள். நான் விடவில்லை. 'கல்லாலதானே?' என்றேன். 'பன்னெண்டு வருஷமா வராதது இப்ப ஏன் வரணும் ஐயா? கல்யாணத்துக்குப் புது ரவிக்கை இறுக்கமா தெச்சிருக்காங்க, உள்ள பையும் கல்லும், அதோட அண்டா தூக்கியிருக்காங்க. எல்லாம் சேர்ந்திருக்கலாம். சில பேருக்குக் காரணமே தெரியாது.' முழுக் குற்றத்தையும் சுமந்துகொண்டு கோட்டைத் தாண்டி வந்தால், தையல்காரனுக்கும் அண்டாவுக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கிறார்! வெந்நீர் ஒத்தடம், வலிக்கு மாத்திரை, கொஞ்ச வாரத்தில் கரைந்துவிடும், ஆறு வாரம் கழித்துக் கட்டாயம் காட்டவேண்டும், அதற்குள் கட்டி தட்டுப்பட்டாலோ, தோல் குழிந்தோ சிவந்தோ போனாலோ, காம்பு மாறினாலோ, எதுவும் வடிந்தாலோ அன்றைக்கே வரவேண்டும். 'இது நல்லதா முடிஞ்சுது. ஆனா சுளுக்குன்னு மூணு வாரம் விட்டது தப்பு. ஒரு பக்கம் மட்டும் புதுசா தெரிஞ்சா அது இன்னான்னு நாங்கதான் சொல்லணும், நீங்க சொல்லிக்கக் கூடாது.' நான் தலையை ஆட்டினேன். ரவிக்கைக்குள் இனிமேல் எதையும் வைக்கக் கூடாது என்று சொல்லிக் கல்லை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

கோமளா மாத்திரை வாங்கப் போனாள். ஆட்டோவுக்காக வாசலில் நின்றோம், நானும் பவுனும், வெயில் கண்ணைக் குத்தியது. எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை, யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். 'அது ஜல்லின்னு உனக்கு இப்பதான தெரியும்?' என்றேன். 'நீ குடுத்த அன்னிக்கே தெரியும். கேட்டு வூட்ல பதினஞ்சு வருசம் அந்தக் கல்லு மேல நடந்து தண்ணி சொமந்தவ நானு. என் காலக் கேளு, சொல்லும்.' 'அப்புறம் ஏன்டி அத நெஞ்சுல வெச்சுக்கினு...' அவள் ரோட்டைப் பார்த்தாள், ஆட்டோ வருகிறதா என்று. 'ஊருக்கெல்லாம் பொய் சொல்லுவ, ஊரு சிரிக்கணும்னு. அது ஒண்ணுதான் நான் தூங்கணும்னு சொன்ன.' சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள், கல்லுக்காக. டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தி, கல்லை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இடது பக்கம். 'இத எவன்கிட்டயாவது சொன்ன, அப்புறம் பாரு' என்றாள். 'மார்ல நரம்பு, ரவிக்கையில கல்லுன்னு டீக்கடையில கத கட்டிக்கினு நிக்காத.' கதை இல்லையே பவுனு, நிஜமாயிற்றே என்றேன். 'அதனாலதான் சொல்றேன்' என்றாள். எழுபத்தொரு வயசு வரைக்கும் பொய்யை அவிழ்த்துவிட்டேன், ஒருத்தரும் வாயை மூடு என்று சொன்னதில்லை. முதல் தடவையாக ஒரு நிஜம் கையில் கிடைத்திருக்கிறது, சொல்லக் கூடாதாம். வயிறு உப்பிக்கொண்டு வருகிறது. அதனால்தான் உங்களிடம் மட்டும், மனசுக்குள், சத்தமில்லாமல். வீட்டில் பெண்கள் இருக்கிறவர்கள் அந்தச் சிவப்பு மை வரியைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள், மற்றதை மறந்துவிடுங்கள். பவுனம்மா காதுக்குப் போகக் கூடாது. யார் சொன்னது என்று எவனாவது தோண்டிக் கேட்டால், ஏலகிரியிலிருந்து இறங்கி வந்து ரயில்வே கேட்டில் வரிசையில் நின்ற ஒரு கரடி சொன்னது என்று சொல்லிவிடுங்கள்.